குப்பை கம்பெனிக்காரனுடையது, அபராதம் நம்முடையதா?

தெருவில் குப்பை போடாதே! போட்டால் அபராதம்! சென்னை நகரத்தில் சுவருக்குச் சுவர் இந்த உபதேசம்தான். பொது இடத்தில் குப்பை கொட்டினால் 500 ரூபாய் என்றிருந்த அபராதத்தை 2024-ல் மாநகராட்சி 5,000 ரூபாயாக உயர்த்தியது. நகரத்துக் கனவான்கள் கை தட்டினார்கள். நம் ஜனங்களுக்கு ஒழுங்கு போதாது, மடியில் கை வைத்தால்தான் திருந்துவார்கள் என்பது அவர்களுடைய சித்தாந்தம்.

நாம் சுத்தத்துக்கு விரோதிகள் அல்ல. தன் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுகிறவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவும் இல்லை. குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் பாட்டாளி. கொசுக்கடியும் காய்ச்சலும் அவன் குழந்தைக்குத்தான். ஆகவே நகரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் பங்களாவாசியைவிட வியாசர்பாடித் தொழிலாளிக்கு அக்கறை அதிகம். நாம் கேட்பது ஒரே கேள்வி. அபராதம் போடுகிறீர்களே, அது யாருக்கு?

சாக்கடை ஓரத்தில் கிடக்கும் ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள். அதைக் கீழே போட்டது ஒரு கூலிக்காரப் பெண்ணாக இருக்கலாம். ஆனால் அதைச் செய்தது யார்? அது மக்காது என்று தெரியும். கழுவி மறுபடி உபயோகிக்க முடியாது என்று தெரியும். காயலான் கடைக்காரன் கூடக் காசு கொடுத்து வாங்க மாட்டான் என்று தெரியும். எல்லாம் தெரிந்தே அதைக் கோடிக்கணக்கில் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பியது யார்? கீழே போட்ட கைக்கு அபராதம், செய்து அனுப்பிய கைக்குத் தொழில் ஊக்குவிப்பு! இது என்ன நியாயம்?

தினக்கூலிக்குப் பிறந்த பாக்கெட்

ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வித்தை 1970-களில் நம் கடலூர்ப் பக்கத்தில் வேரூன்றியது. வித்தை பலித்ததைப் பார்த்துப் பெரிய கம்பெனிகள், அன்னியக் கம்பெனிகள் உட்பட, பின்னாலேயே ஓடி வந்தன. காபித் தூள், ஊறுகாய், சோப்புத் தூள், தலைக்கு எண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் பாக்கெட்டுக்குள் புகுந்தன. இன்று எந்தக் குக்கிராமத்துப் பெட்டிக்கடைக்குப் போனாலும் கூரையிலிருந்து சரம் சரமாகத் தொங்குகின்றன.

ஏன் இப்படிப் பரவியது? நாள் முழுவதும் நாற்று நட்டுவிட்டு மாலையில் கூலி வாங்கும் பெண்ணுக்கு நூறு, இருநூறு கொடுத்துப் பாட்டில் வாங்க வழியில்லை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பாக்கெட்டுக்குத்தான் காசு மிஞ்சுகிறது. கூலி அன்றாடம் என்றால் சரக்கும் அன்றாடம். அவளுடைய ஏழ்மையைக் கண்டுபிடித்து, அளந்து, அதற்கேற்ற அளவில் பை தைத்தான் முதலாளி. பையின் விலையும் அவள் தலையில். காலிப் பையும் அவள் வாசலில். இப்போது அதற்கு அபராதமும் அவளே கட்ட வேண்டுமாம்!

ஒழுங்கு போதாத ஜனங்கள் என்கிறார்களே, இதே ஜனங்கள்தானே ஒரு காலத்தில் கையில் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் எண்ணெய் அளந்து வாங்கி வந்தார்கள்? கோலி சோடா குடித்தால் பாட்டில் கடையை விட்டு நகராது. பழைய இரும்பு, பித்தளை, ஈயத்துக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற வண்டிக்காரன் தெருவில் ஆணி கூட மிச்சம் வைக்க மாட்டான். எந்த மாநகராட்சியும் அப்போது ஜனங்களுக்கு மறுசுழற்சிப் பாடம் எடுக்கவில்லை.

மில் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புளோ ரூமில் விழும் கழிவும், கார்டிங்கில் விழும் கழிவும், காம்பரில் பிரியும் குட்டைப் பஞ்சும் எங்கே போகின்றன? குப்பைத் தொட்டிக்கா? தனித்தனியாக எடை போட்டு, கட்டுக் கட்டி, விலைக்குப் போகின்றன. கோவை, திருப்பூர் பக்கத்து ஓ.இ. மில்கள் அந்தக் கழிவுப் பஞ்சிலேயே நூல் ஓட்டுகின்றன. பனியன் கம்பெனியின் வெட்டுத் துணி மறுபடி பஞ்சாகி நூலாகிறது. லாபம் உள்ள இடத்தில் முதலாளி ஒரு துரும்பையும் வீணாக்க மாட்டான். அவனுக்கு யாரும் மறுசுழற்சி சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. காசு பெயராத கழிவைத்தான் தெருவுக்கும் ஆற்றுக்கும் தள்ளிவிடுகிறான். திருப்பூரின் சாயத் தண்ணீரைச் சுமந்த நொய்யலைக் கேட்டால் சொல்லும்.

வியாபாரிகளை ஊக்குவித்தால் அவர்களே மறுசுழற்சி செய்வார்கள் என்று அதிகாரிகள் கூட்டம் போட்டுப் பேசும்போதெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊக்கத்தால் லாபக் கணக்கு மாறாது. சட்டம் கழுத்தைப் பிடித்தால் மாறும்.

கெடு முடிந்த மாதத்தில் விதி மாறியது

சட்டம்தான் இருக்கிறதே என்பார்கள். இருந்த சட்டத்துக்கு என்ன கதி நேர்ந்தது என்று பார்ப்போம். 2016 மார்ச் மாதம் மத்திய சர்க்கார் பிளாஸ்டிக் கழிவு விதிகளை வெளியிட்டது. பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு பாக்கெட் போன்ற பல அடுக்குப் பிளாஸ்டிக்கில் மறுசுழற்சிக்கு உதவாததை இரண்டு வருஷத்துக்குள் ஒழித்துவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நல்ல விதி. கெடு முடிய வேண்டியது 2018 மார்ச். அதே 2018 மார்ச்சில் விதியைத் திருத்தினார்கள்! எரித்து சக்தி எடுக்க முடியாததையும், வேறு எந்த உபயோகமும் இல்லாததையும் நிறுத்தினால் போதும் என்று வாசகத்தை நீட்டினார்கள். எரியாத பிளாஸ்டிக் பாக்கெட்டை யாராவது கண்டதுண்டா? சிமெண்டுச் சூளையில் போட்டால் எதுவும் எரியும். ஆகவே எந்தக் கம்பெனியும் எந்தப் பாக்கெட்டையும் நிறுத்த வேண்டியதில்லை என்று ஆயிற்று. இரண்டு வருஷக் கெடுவை இரண்டு வரியில் புதைத்தார்கள்.

மாநிலத்தின் கதையும் கேட்கத்தக்கது. 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை உபயோகிக்கும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. பூக்காரியின் பையும், டீக்கடைக்காரனின் கப்பும் பறிமுதல் ஆயின. கம்பெனிகள் பாக்டரியிலேயே அடைத்து முத்திரையிடும் பாக்கெட்டுகளுக்கு அப்போது விலக்கு! அந்த விலக்கை நீக்குவதாக 2020-ல் ஓர் உத்தரவு பிறந்தது. அது என்ன ஆயிற்று என்பதைக் கடையில் தொங்கும் சரங்களே சொல்லும்.

பிறகு 2022-ல் ஒரு புதிய ஏற்பாடு. பாக்கெட் செய்கிற கம்பெனி எவ்வளவு பிளாஸ்டிக்கைச் சந்தையில் விடுகிறதோ அந்த அளவுக்குக் கழிவைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்ய வேண்டும், அல்லது செய்தவனிடமிருந்து சான்றிதழை விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்டலாம். விலைக்கு விற்கும் சான்றிதழ் என்றதும் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023-ல் நாலே நாலு மறுசுழற்சி நிறுவனங்களைத் தணிக்கை செய்தபோது சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் வெளிப்பட்டன. காகிதத்தில் மறுசுழற்சி ஆன பிளாஸ்டிக் எல்லாம் பூமியில் அப்படியே கிடக்கிறது.

எங்கே கிடக்கிறது? கொடுங்கையூரில் கிடக்கிறது. வட சென்னையின் பாட்டாளிக் குடியிருப்புகளுக்கு நடுவே முன்னூறு ஏக்கருக்கு மேல் பரவி, நாற்பது வருஷ நகரத்துக் குப்பை மலையாக நிற்கிறது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெருங்குடிக் கிடங்கு. 2022 ஏப்ரலில் அது பற்றி எரிந்து நாட்கணக்கில் புகைந்ததை மறக்க முடியுமா? கொடுங்கையூரில் குவிந்திருந்த 66 லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றச் சுமார் 640 கோடி ரூபாயில் திட்டம் போட்டிருக்கிறார்கள். மலையைக் கரைப்பது நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அந்த 640 கோடியில் பாக்கெட் கம்பெனிகளின் பங்கு என்ன? பொதுமக்களின் வரிப்பணம் அத்தனையும்! போதாதற்கு அங்கே குப்பை எரிக்கும் உலை வைக்கவும் ஏற்பாடு நடந்தது. 2025 மே மாதம் வட சென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்று எதிர்த்தார்கள். மணலி, எண்ணூர் ஆலைப் புகையை ஏற்கெனவே சுவாசிக்கிற நெஞ்சுகளுக்கு மேலும் ஒரு புகை வேண்டாம் என்று அவர்கள் சொன்னதில் என்ன தப்பு?

ரிப்பன் மாளிகை வாசலில்

இந்தக் குப்பையை நாள்தோறும் அள்ளுகிறவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர். 2015 வெள்ளத்திலும், 2020 கொரோனாவிலும், 2023 புயலிலும் வீட்டுக்குள் இருக்காமல் தெருவில் நின்றவர்கள் இவர்கள். அப்போது பூ தூவினார்கள், கால் கழுவினார்கள், முன்களப் பணியாளர் என்று பட்டம் கொடுத்தார்கள். வேலை நிரந்தரம் மட்டும் கொடுக்கவில்லை.

2025-ல் சென்னை மாநகராட்சி ராயபுரம், திரு.வி.க. நகர் என்ற இரண்டு மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியார் கம்பெனிக்குக் கண்ட்ராக்ட் விட்டது. நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் பெயரில் வருஷக்கணக்காக அங்கே உழைத்து வந்த சுமார் இரண்டாயிரம் பேரைப் பார்த்து, வேலை போகாது, கம்பெனியில் சேர்ந்துகொள் என்றார்கள். மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் பெற்றவர் அங்கே 17,000-க்கும் குறைவாகத்தான் பெற முடியும் என்று தொழிலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதே தெரு, அதே துடைப்பம், அதே குப்பை. கூலியில் ஆறாயிரம் ரூபாய் மட்டும் காணோம்!

ஆகஸ்டு 1-ம் தேதி அவர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். மழையிலும் வெயிலிலும் 13 நாள். நடைபாதையை மறிக்கக் கூடாது என்ற உயர்நீதிமன்ற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, ஆகஸ்டு 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் படை இறங்கியது. நூற்றுக்கணக்கானோரைத் தூக்கி பஸ்களில் ஏற்றிச் சென்றார்கள். மறுநாள் மாநில அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு, இன்ஷூரன்ஸ், சுயதொழில் கடன் என்று சலுகைகளை அறிவித்தது. வேலைநேரத்தில் கிடைக்கும் ஒரு வேளைச் சோற்றை நாம் இழிவாகப் பேச மாட்டோம். ஆனால் அவர்கள் கேட்டது இட்லியா? தங்கள் கூலியையும் வேலையையும் கேட்டார்கள்.

திரு.வி.க. நகர் என்று பெயர் வைத்தார்களே, அந்தத் திரு.வி.க. யார்? 1918-ல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளர்களோடு நின்று வெள்ளைக்கார நிர்வாகத்தை எதிர்த்தவர். அந்த மில் 1996-ல் மூடப்பட்டது. மில் மண்ணில் அடுக்குமாடிகள் எழும்பின. இப்போது அவர் பெயர் தாங்கிய மண்டலத்திலேயே தொழிலாளியைக் கண்ட்ராக்டரிடம் ஒப்படைக்கிறார்கள். 1923-ல் மெரினா கடற்கரையில் மே தினக் கொடியேற்றி, தொழிலாளருக்கும் விவசாயிக்கும் ஒரே கட்சி என்று அறிவித்த சிங்காரவேலர் இதே மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தவர். அவர் உட்கார்ந்த மன்றத்தில் இன்று கண்ட்ராக்ட் தீர்மானங்கள் நிறைவேறுகின்றன.

கம்பெனி வந்தால் திறமை வரும், நகரம் பளிச்சென்று ஆகும் என்கிறார்கள். கால் நூற்றாண்டாகக் கேட்கும் பல்லவி இது. 2000-ல் முதல் அன்னியக் கம்பெனி மூன்று மண்டலங்களில் இறங்கியது. டன்னுக்கு இவ்வளவு என்று பணம். டன் கணக்கில் பணம் வாங்குகிறவனுக்குக் குப்பை குறைவதில் என்ன அக்கறை இருக்கும்? எடை கூடினால் அவனுக்கு லாபம். தெருவோரம் பிரித்தெடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒவ்வொரு கிலோவும் அவனுக்கு நஷ்டம். 2007-ல் அந்தக் கம்பெனி போய் வேறொன்று வந்தது. அதன் பிறகு மற்றொன்று. 2020-ல் எடைக்குப் பதில் வேலைத் தரத்துக்கு மார்க்குப் போட்டுப் பணம் தருவதாக முறையை மாற்றினார்கள். கம்பெனிகள் மாறின, வண்டிகளின் வர்ணம் மாறியது. இத்தனைக்குப் பிறகும் குப்பை பிரியவில்லை. பிரித்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள், இரண்டையும் ஒரே லாரியில் கொட்டுவதைப் பார்த்து அலுத்துப்போனார்கள்.

தஞ்சைக்குப் போக வேண்டிய எரு

கிராமத்துத் தோழர்கள் நகரத்துக் குப்பை நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. கோயம்பேடு மார்க்கெட்டுக்கு வரும் கீரையும் வாழையும் முட்டைக்கோசும் யார் உழைப்பு? உங்கள் உழைப்பு. உங்கள் மண்ணின் சத்து லாரியேறி நகரத்துக்கு வருகிறது. திரும்பிப் போவது என்ன? ஒன்றுமில்லை. தோலும் தண்டும் எச்சிலையும் பிளாஸ்டிக்கோடு கலந்து கொடுங்கையூரில் அழுகுகின்றன. மண்ணுக்கு எரு இல்லாமல் விவசாயி உர மூட்டைக்கு வரிசையில் நிற்கிறான். லண்டன் நகரத்தின் 45 லட்சம் மக்களின் கழிவு வயலுக்குப் போகாமல், பெரும் செலவில் தேம்ஸ் நதியைக் கெடுக்க மட்டுமே பயன்படுவதை மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தில் எடுத்துக் காட்டினார். லண்டனுக்குச் சொன்னது சென்னைக்கும் பொருந்துகிறது.

நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் பெரிய ஹோட்டல், கல்யாண மண்டபம், அடுக்குமாடி, கம்பெனிக் கட்டிடங்கள் தங்கள் ஈரக் கழிவைத் தாங்களே பக்குவப்படுத்த வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லிவிட்டன. எத்தனை மண்டபங்களில் எருக்குழி கண்டீர்கள்? கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் ஆயிரம் இலை தெருமுனைத் தொட்டியில் வழிகிறது. அதை அள்ளும் தொழிலாளி பத்து நிமிஷம் தாமதமானால் மெமோ. மண்டபத்து முதலாளிக்கு வணக்கம்!

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. கேரளத்து ஆலப்புழையில் நகரக் குப்பையைச் சுமந்து சலித்த சர்வோதயபுரம் கிராம மக்கள் லாரிகளை மறித்து, இனி உங்கள் குப்பை இங்கே வேண்டாம் என்றார்கள். நகரம் நாறியது. அதன் பிறகுதான் 2012-ல் வீட்டுக்கு வீடு எருக்குழாயும் எரிவாயுக் கலனும் வைத்து, குப்பையை நகரத்துக்குள்ளேயே தீர்க்கும் இயக்கம் பிறந்தது. 2017-ல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு உலகத்துக்கு உதாரணமான ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைக் காட்டியது. கிராமத்தான் மறித்ததால் நகரத்தானுக்குப் புத்தி வந்தது! புனாவில் 1993-ல் சங்கம் கட்டிய குப்பை பொறுக்கும் பெண்கள், பின்னர் தங்களுக்கென்று கூட்டுறவு அமைத்து வீடு வீடாகச் சேகரிக்கும் வேலையை மாநகராட்சியிடமிருந்து நேரே பெற்றார்கள். நடுவே கண்ட்ராக்டர் இல்லை. பெங்களூரில் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2025 மே தினத்தன்று பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட துப்புரவுத் தொழிலாளருக்கு நிரந்தரப் பணி உத்தரவு கிடைத்தது. பெங்களூருக்கு முடிந்தது சென்னைக்கு முடியாதா?

நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. டாஸ்மாக் பாட்டில்கள் காட்டில் உடைந்து யானைக் காலில் குத்துகின்றன என்று வழக்கு வந்து, உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு, 2022-ல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. பெரும்பகுதி பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன! ஒழுங்கில்லாத ஜனங்கள் என்றீர்களே, அதே குடிகாரன் பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் அங்கேயும் சுமை யார் தலையில்? ஸ்டிக்கர் ஒட்டுவதும், காலி பாட்டிலை எண்ணி அடுக்குவதும் அற்பச் சம்பளம் வாங்கும் கடை ஊழியர் வேலை ஆயிற்று. இடமும் ஆளும் கொடு என்று அவர்கள் போராட வேண்டி வந்தது. சரக்குக் காய்ச்சி லாபம் எடுக்கும் ஆலைக்காரன் தன் பாட்டிலைத் தானே வந்து எண்ணி எடுத்துச் சென்றால் என்ன?

ஆகவே வார்டுக் கூட்டங்களிலும் கிராம சபைகளிலும் நம் தோழர்கள் எழுப்ப வேண்டியவை தெளிவானவை. பாக்கெட்டுக்கும் பாட்டிலுக்கும் முன்பணம் வை. காலியைத் திரும்ப வாங்கும் செலவு முழுவதும் செய்தவன் கணக்கில். திரும்ப எடுக்க முடியாத பாக்கெட்டை 2016-ல் சொன்னபடி நிறுத்து. கொடுங்கையூர் மலையைக் கரைக்கும் 640 கோடியில் பங்கை அந்தக் கம்பெனிகளிடம் வசூல் செய். பெரிய ஹோட்டல், மண்டபங்களின் ஈரக் கழிவை எருவாக்கி, அடக்க விலைக்குச் சுற்றுவட்டார விவசாயிகளுக்குக் கொடு. இரண்டு வருஷத்தில் 480 நாள் உழைத்தவனை நிரந்தரமாக்கு என்று ஆலை முதலாளிகளுக்கு 1981-ல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. பத்து வருஷம், பதினைந்து வருஷம் தெரு கூட்டிய பெண்ணுக்கு மாநகராட்சியும் அந்த நீதியையே வழங்கட்டும்.

ராயபுரத்திலும் திரு.வி.க. நகரிலும் சங்கக் கூட்டம் நடக்கும்போது, பஞ்சாலைச் சங்கத்தாரும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தாரும் தங்கள் கொடியோடு போய் நிற்க வேண்டும். போகும்போது உங்கள் ஊர்த் தெருவில் பொறுக்கிய காலிப் பாக்கெட்டுகளை ஒரு சாக்கில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் கம்பெனியின் பெயரும் விலாசமும் அச்சிட்டிருக்கிறது. அபராதச் சீட்டை எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரியாமல் தவிக்கும் அதிகாரிகளிடம் அந்தச் சாக்கைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.